28 நாள் கான்கிரீட் க்யூப் 19.5 வந்திருக்கு, வேற க்யூப் கொடுக்கச் சொல்றாங்க. என்ன பண்றதுங்க?

பல்லடத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. டிப்ளமோ முடிச்சு, லேட்டரல்ல பி.இ. சேந்து படிச்சு, சைட்டுக்கு வந்து ரெண்டரை வருசம் ஆச்சு. கோவை சரவணம்பட்டி பக்கம் ஸ்டில்ட் பிளஸ் நாலு மாடி அப்பார்ட்மெண்ட். புராஜெக்ட் மேனேஜர் வாரத்துக்கு ரெண்டு தடவை வருவார். மத்த நாளெல்லாம் நானும் சென்ட்ரிங் மேஸ்திரியும்தான் சைட்.

ரெண்டாவது சிலாப் போன மாசம் போட்டோம். எம்25 (28 நாள்ல சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கணும்), ரெடிமிக்ஸ், 46 கன மீட்டர், எட்டு வண்டி. அஞ்சு வண்டி வரைக்கும் ஒரு குறையும் இல்லீங்க. ஆறாவது வண்டி வந்து நின்னப்போ பம்பு லைன் அடைச்சுக்கிச்சு. பைப் வளைவைக் கழட்டித் தட்டி, கழுவி, திருப்பி மாட்டறதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடிப்போச்சு. கோயமுத்தூர்லயும் மார்ச் வெயில் இப்போ சும்மா விடறதில்லை. நான் மேல டெக்குல, ஏற்கெனவே ஊத்துன ஓரம் காயாம இருக்கணும்னு ஈரச்சாக்கு போட்டு மூடச் சொல்லிட்டு கீழ இறங்கி வந்தா, டிரைவர் வண்டி டேங்க் வால்வைத் திறந்து விட்டிருக்காரு. டிரம்முக்குள்ள தண்ணி போற சத்தம் கேக்குது. பம்பு ஆபரேட்டர் பக்கத்துல நின்னு பீடி பத்த வெச்சுட்டு இருக்கார். "போதும் நிறுத்துங்க"ன்னு கத்தினேன். நிறுத்தினாங்க. எத்தனை லிட்டர் போச்சுன்னு யாருக்கும் தெரியாது.

அந்த வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கணும். எனக்குத் தெரியும். மேல பாதி சிலாப் காத்துட்டு இருக்கு, 24 ஆள் சும்மா நிக்கறாங்க, மேனேஜர் போன்ல "ஊத்து, ஊத்து"ங்கறார். ஊத்திட்டேன். ஆனா மனசு கேக்கல. தண்ணி விட்ட அப்புறம் அந்த வண்டி சூட்லயே (கான்கிரீட் வழிஞ்சு இறங்கற தகடு) பிடிச்சு ஒரு செட் க்யூப் (லேப்ல நசுக்கி வலுப் பாக்கற கான்கிரீட் கட்டி) போட்டு வெச்சேன்.

இப்போ 28 நாள் ரிப்போர்ட் வந்திருக்கு. ரெண்டாவது வண்டி க்யூப்: 27.1, 28.4, 26.8. ஆறாவது வண்டி: 18.9, 20.2, 19.5.

மேனேஜர் ரிப்போர்ட்டைப் பாத்தார். கோபப்படவே இல்லை. "ஸ்டோர் பின்னாடி தொட்டில ஆறு க்யூப் கெடக்குதில்ல, அதுல மூணை எடுத்து தேதியை மாத்தி எழுதி லேப்ல கொடு. கிளையண்ட்டுக்கு இன்னும் ரிப்போர்ட் போகல"ன்னார். அந்த ஆறும் காலம் (தூண்) ஊத்தினப்போ கூட ஒரு சட்டி சிமெண்ட் அள்ளிப் போட்டு எடுத்ததுங்க. இந்த மாதிரி நேரத்துக்குன்னே எடுத்து வைக்கச் சொன்னதுன்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது. திங்கக்கிழமை கொடுக்கணுமாம். போர் கார்டுல (கான்கிரீட் ஊத்தறதுக்கு எழுதற தாள்) கையெழுத்து என்னோடது.

நான் என்னங்க பண்ணட்டும்? வேலை போயிரும்னு பயமாவும் இருக்குது.

---

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்:

தம்பி, க்யூப் விஷயம் அப்புறம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். சிலாப்பைக் கீழே தாங்கும் முட்டு எடுத்தாச்சா? அந்த சிலாப் மேல் இப்போது என்ன நிற்கிறது? ஆறாவது வண்டி எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

---

பல்லடத்துக்காரன்:

சிலாப் முட்டு 10 நாள்ல பிரிச்சாச்சுங்க ஐயா, பீம் முட்டு 14 நாள்ல. காலம் ஏத்தி, மூணாவது சிலாப்புக்கு சென்ட்ரிங் அதுமேலதான் நிக்குது. வர்ற வியாழக்கிழமை கான்கிரீட்.

எந்த வண்டி எங்க விழுந்ததுன்னு என் டைரில பென்சில்ல பிளான் வரைஞ்சு குறிப்பேன். ஆறாவது வண்டி பிளான் கோட்டுல சி-டி கிரிட், மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. கிழக்கால இருக்கற பால்கனியும் அதுல வருதுங்க.

---

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்:

வியாழக்கிழமை கான்கிரீட்டை நிறுத்துங்கள். இதை இன்று இரவே வாட்ஸாப்பில் எழுத்தாக மேனேஜருக்கு அனுப்புங்கள். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். உங்கள் சிலாப் ஐந்து அங்குலம் இருக்குமா? 125 மில்லிமீட்டர் ஈரக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 310 கிலோ. பலகை, முட்டு, ஆள் நடமாட்டம் தனி. வீட்டு அறைக்கு டிசைனில் போடும் லைவ் லோட் சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஆக, அந்தச் சிலாப் தன் வாழ்நாளில் சுமக்கப்போகும் பெரிய எடை குடிவந்தவர்களின் கட்டிலும் பீரோவும் இல்லை, நீங்கள் வியாழக்கிழமை அதன் தலையில் ஏற்றப்போவதுதான். 19.5 வந்த பகுதியின் மேல், கீழே முட்டு இல்லாமல்!

நாளைக் காலையில் முதல் வேலை, அந்தப் பகுதிக்குக் கீழே முட்டு திரும்பப் போடுங்கள். ஒரு மாடி போதாது, தரை வரைக்கும் நேர் கீழே நேர் கீழேயாகப் போடுங்கள். பால்கனி நுனிக்கும் சேர்த்து. ஜாக்கி இல்லையென்றால் சவுக்குக் கட்டை வையுங்கள், ஆப்பு அடித்து இறுக்குங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் கேட்க வேண்டாம். கேட்டால் மூன்று நாள் போகும்.

இன்னொன்று. 7 நாள் ரிசல்ட் என்ன வந்தது? அதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை.

---

பல்லடத்துக்காரன்:

7 நாள்ல 13.1 சராசரி வந்துச்சுங்க ஐயா. "28 நாள்ல ஏறிக்கும்"னு மேனேஜர் சொன்னார், நானும் விட்டுட்டேன். முட்டு நாளைக்குக் காலைல போட்டர்றேன்.

---

ரெடிமிக்ஸ் அக்கா:

நான் பிளாண்ட்ல குவாலிட்டில இருக்கேன், பதினோரு வருஷம். தம்பி, 13.1ன்னு பாத்த அன்னைக்கே நீ எங்களுக்குப் போன் பண்ணியிருக்கணும். 7 நாள்ல மூணுல ரெண்டு பங்காவது, அதாவது 16க்கு மேல, நிக்கணும். 13ல இருந்து 25க்கு ஏற அது என்ன ஷேர் மார்க்கெட்டா.

டெலிவரி சலான் கையில இருக்கா? அதுல பேட்சிங் டைம் இருக்கும். நீ சொல்றதை வெச்சுப் பாத்தா லோடு பண்ணதுல இருந்து ரெண்டு மணி நேரம் தாண்டிருக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கணும்ங்கறது ரெடிமிக்ஸுக்கான ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) விதி. தாண்டினா சலான்ல "ரிஜெக்ட்"னு எழுதி கையெழுத்து போட்டு அனுப்பறதுக்கு உனக்கு முழு உரிமை இருக்கு. டிரைவர் முணுமுணுப்பான், பிளாண்ட்ல எங்களுக்கும் வயிறு எரியும். ஆனா அந்தச் சண்டை ஒரு நாள்ல முடிஞ்சிடும்.

தண்ணிக் கணக்கும் பாத்துக்கோ. எங்க எம்25ல ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 320 கிலோ, தண்ணி 160 லிட்டர்னு வை. விகிதம் 0.50. ஆறு கன மீட்டர் வண்டில அவன் 200 லிட்டர் திறந்திருந்தா கன மீட்டருக்கு 33 லிட்டர் கூட. விகிதம் 0.60 ஆயிடும். 27 வர வேண்டியது 20 பக்கம் இறங்கறதுக்கு இதுவே போதும். வண்டி டேங்க்ல 200 லிட்டருக்கு மேலயே இருக்கும்.

கலவை இறுகிடுச்சுன்னா தண்ணி கிடையாது. எங்களுக்கு ஒரு போன் அடி. கலவையை இளக்கற அட்மிக்ஷர் கேனோட எங்க ஆள் பைக்ல வருவான், அளந்து ஊத்தி, டிரம்மை சில நிமிஷம் வேகமா சுத்திட்டு சிலம்ப் (கலவையோட இளக்கம்) பாத்துக் கொடுப்பான். இது நிறைய பிளாண்ட்ல உண்டு. சைட் பசங்க கேக்கறதே இல்ல.

தண்ணி விட்டப்புறம் க்யூப் பிடிச்சியே, அது ஒண்ணுதான் நீ அன்னைக்குப் பண்ண உருப்படியான காரியம். முன்னாடி பிடிச்சிருந்தா 26, 27ன்னு ரிப்போர்ட் வந்திருக்கும், எல்லாரும் நிம்மதியா தூங்கிருப்பீங்க.

---

மேஸ்திரி மகன்:

எல்லாரும் பையனைப் போட்டுப் பயமுறுத்தாதீங்கய்யா. மதுரைப் பக்கம் 31 வருசமா காண்ட்ராக்ட் எடுக்கேன், எங்க அய்யா காலத்துல இருந்து. மிக்ஸர் மெஷின்ல மூட்டைக் கணக்குல போட்ட காலத்துல எவன் க்யூப் எடுத்தான்? அந்தக் கட்டடமெல்லாம் இன்னும் நிக்குது. 19.5 வந்தா இடிஞ்சு விழுந்துராது.

தண்ணி விடுறது தப்புதேன். ஆனா ஏன் விடுறாய்ங்கன்னும் பாக்கணும்ல. வண்டி வாடகை மணிக்கணக்கு, பம்பு வாடகை தனி, சனிக்கிழமை சம்பளம் குடுக்கணும், சிலாப் போட்டாத்தேன் பில்லு பாஸாகும். உங்க மேனேஜரும் மேலருந்து மிதி வாங்கிட்டுத்தேன் உன்னை மிதிக்காரு. அவரை வில்லனாக்கிப்புட்டு என்ன ஆகப்போகுது?

க்யூப் மாத்துறதை மட்டும் செய்யாத தம்பி. நாங்கூட அதைச் செஞ்சதில்ல. எங்கிட்ட ஒரு சைட்ல 20க்கு 16 வந்துச்சு, ஓனர்கிட்டப் போயி நேராச் சொன்னேன். ரெண்டு மாசம் பில்லை நிறுத்தி வச்சாரு. அதுக்கப்புறம் அடுத்த ரெண்டு கட்டடமும் எனக்குத்தேன் குடுத்தாரு.

---

பீம்_டிசைன்:

ஸ்ட்ரக்சுரல் கன்சல்டண்ட். 19.5 வந்தா விழாதுங்கறதுல மேஸ்திரி மகன் சொல்றது பாதி சரி. சிலாப்ல வளைவைத் தாங்குறது பெரும்பாலும் கம்பி. கான்கிரீட் 25ல இருந்து 20க்கு இறங்கினா அந்தத் தாங்குதிறன் சில சதவீதம்தான் குறையும். அடிபடறது வேற இடம்: ஷியர் (வெட்டு விசை), தொய்வு, கம்பியோட பிடிமானம். எஃப்.ஈ.500 கம்பிக்கு எம்25ல பிடிமான நீளம் விட்டத்தைப் போல சுமார் 49 மடங்கு. எம்20ல 57 மடங்கு. 10 மில்லிமீட்டர் கம்பி உள்ள 490 போனா போதும்னு இருந்தது 570 போகணும். அறை சிலாப்ல இது பெரிசா தெரியாது. பால்கனில தெரியும்.

அதனால என்னோட கேள்வி க்யூப் பத்தி இல்ல. பால்கனி மேல்கம்பி உள்பக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கு? கான்கிரீட் போடறப்போ ஆளுங்க அதை மிதிச்சு இறக்கிட்டாங்களா? மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்கற சேர் கம்பி வெச்சிருந்தீங்களா? பால்கனில மேல இருக்க வேண்டிய கம்பி மிதிபட்டு நடுவுக்கு வந்துட்டா, எம்40 ஊத்தினாலும் அது பிரயோஜனமில்ல.

இனி விதி. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456ல தனி ரிசல்ட் 25லிருந்து 3 கழிச்சு, அதாவது 22க்குக் கீழ போகக்கூடாது. 19.5 பெயில். பெயில்னா உடனே இடிக்கறது இல்ல. அந்தப் பகுதியில குறைஞ்சது மூணு கோர் (சிலாப்பைத் துளைச்சு உருவற கான்கிரீட் உருளை) எடுங்க. மூணோட சராசரி, க்யூப் மதிப்புக்கு மாத்தினப்புறம், 25ல 85 சதவீதம், அதாவது 21.25 வரணும். எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழ, 18.75க்குக் கீழ, போகக்கூடாது. கோர் போடறதுக்கு முன்னாடி கம்பி எங்க ஓடுதுன்னு மீட்டர் வெச்சுப் பாத்து சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுத்தான் டிரில்லை வைக்கணும். கம்பியை வெட்டிட்டா பரிசோதனையே புது சேதம்.

உங்க தப்பையும் சொல்லிடறேன். 46 கன மீட்டருக்கு நாலு சாம்பிள் எடுக்கணும். நீங்க எடுத்தது ரெண்டு. மத்த ஆறு வண்டி எப்படி இருந்ததுன்னு இப்போ யார் சொல்லுவா?

---

பல்லடத்துக்காரன்:

12 க்யூப் மோல்டுதாங்க (அச்சு) சைட்ல இருக்குது, 7 நாளுக்கும் 28 நாளுக்கும் ரெண்டு செட்டுக்கு மேல வராது. கேட்டா "அடுத்த மாசம்"ம்பாங்க. சாக்கு சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

பால்கனி மேல்கம்பி டிராயிங்கபடி உள்ள 1.8 மீட்டர் போகுது, நானே டேப் வெச்சுப் பாத்தேன். மிதிச்சாங்களாங்கறதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க. அந்த நேரத்துல நான் கீழ டிரைவர்கூடக் கத்திட்டு இருந்தேன்.

---

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்:

திங்கட்கிழமை மேனேஜரைத் தனியாகப் பாருங்கள். "சார், நீங்கள் தப்பு செய்யச் சொல்கிறீர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "சார், கோர் எடுத்துப் பாஸானால் நமக்கு எழுத்தில் ஆதாரம் கிடைக்கும், க்யூப் மாற்றியது பின்னால் தெரிந்தால் நம் ரெண்டு பேர் கையெழுத்தும் மாட்டும்" என்று சொல்லுங்கள். நம் ரெண்டு பேர் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை மேலதிகாரிகளுக்கு இந்த வார்த்தை நன்றாகக் காது கேட்கும்.

சென்னை மௌலிவாக்கத்தில் கட்டடம் இடிந்ததைச் சொல்லிப் பயமுறுத்தக்கூடாது என்றுதான் இருந்தேன். 2014 ஜூன் 28, பதினோரு மாடி, 61 உயிர். அங்கே காரணங்கள் வேறு, உங்கள் நாலு மாடிக்கும் அதற்கும் ஒப்பீடு கிடையாது. ஆனால் அப்படி ஒன்று நடந்த மறுநாள் போலீஸ் முதலில் கேட்பது காகிதங்களைத்தான். போர் கார்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. மேனேஜர் வாயால் சொன்னதற்கு எங்கேயும் கையெழுத்து இல்லை.

---

பல்லடத்துக்காரன்:

(அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேன். நிறையப் பேர் தனியா மெசேஜ் பண்ணிக் கேட்டிருந்தீங்க, நன்றிங்க.)

முட்டு மறுநாள் காலைலயே போட்டுட்டேன். சென்ட்ரிங் மேஸ்திரி "எதுக்கு சாமி"ன்னு கேட்டார், விவரம் சொன்னேன். மறுபேச்சே பேசல. கீழ் மாடில இருந்து ஜாக்கியைக் கொண்டாந்து, பால்கனி நுனிக்கு மட்டும் தனியா மூணு கட்டை வெச்சுக் கொடுத்தார். அவர் பேரன் அந்த சைட்லயே விளையாடிட்டு இருப்பான்.

மேனேஜர்கிட்ட ஐயா சொல்லிக் கொடுத்த மாதிரியே பேசினேன். "நம்ம ரெண்டு பேர்"ங்கற எடத்துல கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "கோருக்கு எவ்வளவு ஆகும்?"னு கேட்டார். அந்தச் செலவு யாரோடதுங்கறதை இன்னும் இழுத்துட்டு இருக்காங்க.

கோர் எடுத்த நாள் மறக்காதுங்க. 75 மில்லிமீட்டர் பிட்டு. தண்ணி ஊத்த ஊத்த சாம்பல் நிறத்துல சேறு வழிஞ்சு வருது. முதல் கோரை உருவி எடுத்து லேப் அண்ணன் என் கையில கொடுத்தார். சூடா இருந்துச்சு. மேல் ஓரம் ஒரு விரல்கடைக்கு ஜல்லியே இல்லாம வெறும் சாந்து. தண்ணி அதிகமானா ஜல்லி கீழ போயி சாந்து மேல நிக்கும்னு படிச்சிருக்கேன், கையில பிடிச்சுப் பாத்தது அன்னைக்குத்தான்.

ரிசல்ட்: 21.8, 20.1, 22.6. சராசரி 21.5. தேவை 21.25. கால் நியூட்டன்ல பாஸுங்க.

டிசைன் பண்ணவர் எம்20ன்னே வெச்சு மறுபடியும் கணக்குப் போட்டார். அறைப் பகுதி போதும்னுட்டார். பால்கனிக்கு மட்டும் லோட் டெஸ்ட் கேட்டார். கம்பி மீட்டர்ல பாத்தப்போ மேல்கம்பி ரெண்டு எடத்துல 15 மில்லிமீட்டர் கீழ இறங்கி இருந்துச்சு. பீம்_டிசைன் அண்ணா, நீங்க கேட்டது சரியாப் போச்சு.

பால்கனி 1.2க்கு 3.6 மீட்டர். லைவ் லோட் சதுர மீட்டருக்கு 300 கிலோ, அதை ஒண்ணேகால் மடங்காக்கி, இன்னும் போடாத டைல்ஸ், பூச்சுக்கும் சேத்தி 41 மூட்டை, ஒவ்வொண்ணும் 50 கிலோ. எம்-சாண்டைத் தராசுல நிறுத்து ரொப்பினோம். நுனிக்குக் கீழ தொய்வைக் காட்டற டயல் கேஜ். கட்டை முட்டுகளை எடுக்காம ரெண்டு அங்குலம் இறக்கி மட்டும் விட்டோம், விழுந்தா பிடிச்சுக்கட்டும்னு. மூட்டையை ஒண்ணொண்ணா மெதுவா வெச்சாங்க, தூக்கிப் போடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். ராத்திரி பூரா நானும் வாட்ச்மேனும் டார்ச் அடிச்சு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா முள்ளைப் பாத்து எழுதினோம். 24 மணி நேரத்துல 2.4 மில்லிமீட்டர் தொய்வு. மூட்டையை இறக்கி அடுத்த 24 மணி நேரம் கழிச்சுப் பாத்தா மிச்சம் 0.4. நூத்துக்கு 83 திரும்பிருச்சு, 75 வந்தா போதும். டிசைன் பண்ணவர் கையெழுத்துப் போட்டார்.

கிளையண்ட்டுக்கு எல்லா ரிப்போர்ட்டும் போச்சு, அந்த 19.5ம் சேத்தி. மேனேஜர் இப்போ என்கூட வேலைக்கு வேண்டியது மட்டும் பேசறார். வேலை போகல. மோல்டு 24 வந்திருச்சு.

மூணாவது சிலாப்புக்கு நான் மேல ஏறவே இல்ல, டெக்கை மேஸ்திரிகிட்ட ஒப்படைச்சுட்டு பம்புகிட்டயே நின்னேன். சாப்பாடு அங்கயே. வண்டி உள்ள வந்ததும் டேங்க் வால்வைக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிக் கட்டிட்டுத்தான் பம்புக்கு விடறேன். டிரைவருங்க சிரிக்கறாங்க.

---

ரெடிமிக்ஸ் அக்கா:

அந்தப் புண்ணியவான் நீதானா! எங்க பிளாண்டுக்கு ஒரு வண்டி அப்படியே கட்டோட திரும்பி வந்துச்சு தம்பி. இறக்கினப்புறம் சூட்டும் டிரம்மும் கழுவ அவனுக்குத் தண்ணி வேணும்ல. வண்டி கிளம்பறப்போ ஞாபகமா வெட்டி விடு.